மழைத் தண்ணீர் மட்டும்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் காய்கறி வாங்கப் போனால் எனக்குக் கோபம்தான் வரும். வரிசை என்பதே கிடையாது. கல்லாவில் இருப்பவர் கனடாவில் இருக்கும் மச்சானோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே மீதிச் சில்லறை கொடுப்பார். நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுத் தபால் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். வரிசை என்றால் வரிசை, கையெழுத்து என்றால் கட்டத்துக்குள் கையெழுத்து. அப்படிப்பட்டவன் வாரம் தவறாமல் லூயி-பிளாங் தெரு முனையில் இருந்த அந்தக் கடைக்கே போனேன் என்றால், அதற்கு அங்கே பெட்டி இறக்கும் வேலை பார்த்த ஓர் இலங்கைத் தமிழர்தான் காரணம். இப்போது அவர் அங்கே இல்லை. எங்கே இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியாது.

கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“தண்ணி குடிக்கிறீங்களோ?”

என்ன வேணும் என்று கேட்பதெல்லாம் பிறகு. வாழைக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை போட்டு, அதில் ஒரு கூசா நிறையத் தண்ணீரும், பேணி என்று அவர் சொல்லும் நான்கு எவர்சில்வர் டம்ளர்களும் வைத்திருந்தார். முதல் நாள் நான், “வேணாங்க, தாகம் இல்லை” என்றேன்.

“தாகமில்லாட்டிலும் குடிக்கலாம் அண்ணை. வெளியில இருந்தெல்லோ வந்தனீங்கள்.”

குடித்தேன். வேறு வழி? நான் வாங்கும்வரை பேணியை நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை. மழை நாளிலும் கொடுப்பார், பனி கொட்டும் நாளிலும் கொடுப்பார். கடைவீதியில் அவருக்குத் ‘தண்ணி அண்ணை’ என்று பெயர். குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் பீரைக்கூடத் தொட்டதில்லை.

ஒரு முறை கடை வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்காக நகராட்சிப் பெண் ஒருத்தி வெயிலில் நின்று அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இவர் பேணியோடு போய் நின்றார். அவளும் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, நன்றி சொல்லி, சீட்டை முழுக்க எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனாள். முதலாளி குதித்தார். “உவளுக்குத் தண்ணி வேறை குடுக்கிறியோ, விசரா?” என்றார்.

“எழுதினது அவவின்ரை வேலை. குடுத்தது என்ரை வேலை” என்றார் இவர். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு ஒரு நாள் அவர் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். “அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.” அவருக்குப் பிரெஞ்சு பேசவே தட்டுத்தடுமாறித்தான் வரும், வாசிக்க அறவே வராது. மருத்துவமனைக் கடிதம். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, இனி வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வர வேண்டும் என்று இருந்தது. நான் வாசித்ததைத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பேணித் தண்ணீரை என் கையில் வைத்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்படித்தான் நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

இருவரோடும் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் பெண் சின்ன வயசுக்காரி, பொறுமையானவள். வாழைப்பழம் கூடாது, தேங்காய் கூடாது, உருளைக்கிழங்கை இரண்டு தரம் அவித்து நீரைக் கொட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். கடைசியில், சிறுநீர் போகாத உடம்பு, குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கி நெஞ்சுக்குள் ஏறும், ஆகவே தேநீர், குழம்பு எல்லாம் சேர்த்து அரை லிட்டர்தான் என்றாள்.

“அரை லிட்டரோ? ஒரு நேரத்துக்கோ?”

“ஒரு நாளைக்குங்க.”

அவர் சிரித்தார். “அண்ணை, வடிவாக் கேளுங்கோ. நீங்கள் மாறி விளங்கியிருப்பீங்கள்.”

என் பிரெஞ்சையே சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. மறுபடி கேட்டேன். அந்தப் பெண் ஒரு சிறிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தார். கடையில் ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு அவர் கொடுக்கிற அளவே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். “தாகமெடுத்தா என்ன செய்யிறது எண்டு கேளுங்கோ” என்றார் இவர் மெல்ல.

உறைய வைத்த சின்னப் பழங்களை வாயில் போட்டு அடக்கிக்கொள்ளலாம், தாகம் தணியும், புளூபெர்ரி நல்லது என்றாள் அவள். இங்கே அதை மிர்த்தி என்பார்கள். கறுநீலமாக, நாவல்பழத்தின் குட்டி போல இருக்கும். அதுவும் எண்ணித்தான், ஒரு நாளைக்கு ஒரு சிறங்கை.

அன்றைக்கே வாங்கிப் போனார். ஆனால் கடைப் பழம் அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. “மருந்துக் குளிசை மாதிரிக் கிடக்கு” என்று ஒதுக்கிவிட்டார். அடுத்த வாரம் அவர் என்னிடம், வீட்டிலேயே வளர்க்கப் போவதாகச் சொன்னார்.

“எதுக்குங்க? கடையில் வேற ரகம் பாருங்க.”

“கடைப் பழத்தை எண்ணிக் குடுக்கச் சொல்லினம். சொந்த மரத்தில இருந்து ஒரு மனிசி பிடுங்கித் தின்னுறதை ஆர் அண்ணை எண்ணப் போகினம்?”

இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கவுன்ட்டரிலும் நான் கேட்டதில்லை. அவருக்கு அளந்து கொடுக்கக் கை வராது. அதுதான் விஷயம்.

பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்-சூர்-செய்னில் தரைத் தளத்தில் அவர்கள் வீடு. பின்னால் இரண்டு மெத்தை விரிக்கும் அளவுக்கு ஒரு துண்டு நிலம். செடி விற்கும் கடையில் இரண்டு செடியும் அதற்கென்றே விற்கிற மண் மூட்டையும் வாங்கிவந்து, நட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். கிளையில் ஓர் அட்டை தொங்கியது. “என்ன போட்டிருக்கு எண்டு வாசியுங்கோ அண்ணை.”

நான் மூக்குக்கண்ணாடி கொண்டுபோகவில்லை. ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. பெரிய எழுத்தில் இருந்ததை வாசித்தேன். “மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணுமாம்” என்றேன். கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. செடிக்கடைக்காரர்களின் வழக்கமான புலம்பலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். “உங்களுக்குன்னே செஞ்ச செடிங்க இது” என்று கேலி வேறு செய்தேன்.

அவர் முகம் மலர்ந்ததே, மருத்துவமனைக் கடிதம் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. சமையலறைக் குழாயிலிருந்து பிடித்துப் பிடித்து ஊற்றினார். குளிர்காலம் போய் இலை விட்டபோது இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினார். அரிசி கழுவின தண்ணீர் விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் இறைச்சி சுட்ட சாம்பலை வாங்கிப் போட்டார். முட்டை ஓட்டை இடித்துத் தூவினார். நம் ஆட்கள் ஒரு செடிக்கு என்னென்ன நல்லது செய்வார்களோ அத்தனையும் செய்தார். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெடித்த உதட்டை நக்கிக்கொண்டு, “எனக்குத் தராததை எல்லாம் அதுக்கு ஊத்துறார் பாருங்கோ” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். அன்றைக்குச் சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. சும்மா நின்ற நேரத்தில் அந்த அட்டையைத் திருப்பி வாசித்தேன். ‘மழைத் தண்ணீர் மட்டும். குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பு இந்தச் செடிக்கு ஆகாது. சாம்பல் சேர்க்கக் கூடாது.’

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வாழ்க்கை முழுக்க, பொடி எழுத்தை வாசிக்காத ஜனங்களைக் கவுன்ட்டரில் வைத்துத் திட்டினவன் நான். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன், நான் அன்றைக்கு முழுக்க வாசிக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலை எடுத்துவந்து மூடியைத் திறந்து பார்த்தார். பாரிஸ் தண்ணீரின் வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் ஓடாகப் படிந்திருந்தது. விரலால் சுரண்டினார்.

“தண்ணி குடுத்தாச் சாகிற மரமும் இருக்கோ அண்ணை?”

“இந்தத் தண்ணி குடுத்தாங்க.”

“வீட்டுக்குள்ள ஒரு ஆள். வெளியில ரெண்டு மரம்” என்றார். கேத்தலை மூடினார். “பரவாயில்லை, நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்?” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மேல்மண்ணைச் சுரண்டிக் கொட்டினோம். புது மண் மூட்டை போட்டோம். கூரைத் தண்ணீர் விழும் குழாய்க்குக் கீழே பெரிய நீல பிளாஸ்டிக் வாளிகளை வைத்தார். மே கடைசிவரை நல்ல மழை. புதுத் துளிர் பச்சையாக வந்தது. பெரிய செடியில் பச்சைக் காய்கள் கொஞ்சம் நின்றன. தினமும் தொலைபேசியில் எண்ணிக்கை சொல்வார். அளக்கத் தெரியாத மனிதர், காயை மட்டும் எண்ணினார்.

மருத்துவமனையில் நிலைமை வேறு மாதிரி. இயந்திரத்தில் போடுவதற்கு முன் எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று தராசு சொல்லிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை தராசைப் பார்த்த தாதியின் முகம் மாறியது. நாலு கிலோ கூட இருந்தது. இது அந்த அம்மாவின் இதயத்துக்கு ஆபத்து, வீட்டில் யார் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னாள்.

“நான்தான் எடுத்துக் குடிச்சனான். அவருக்குத் தெரியாது” என்றார் மனைவி.

“நான்தான் குடுத்தனான். அவ கேக்கேல்லை” என்றார் இவர், அதே நேரத்தில்.

தாதி என்னைப் பார்த்தாள். இரண்டில் எதை மொழிபெயர்ப்பது? இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இனி நடக்காது என்கிறார்கள்” என்று பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். வெளியே வந்ததும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அறிவிருக்கா உங்களுக்கு, கொல்லப் போறீங்களா அவங்களை என்றேன். அவர் தலையைக் குனிந்து நின்றார். மனைவிதான் பேசினார்.

“அவரைப் பேசாதேங்கோ அண்ணை. இந்த நாட்டுக்கு வரேக்கை லொறிக்குள்ள மூண்டு நாள் தண்ணியில்லாமல் கிடந்தவர். பக்கத்தில இருந்த ஒருத்தன் கேட்டுக் கேட்டுச் செத்தவனாம். ஒருத்தர் கேட்டா அவரால ஏலாது.”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொல்லாத கதை அது. அதற்குப் பிறகு அவரிடம் நான் சத்தம் போட்டதில்லை.

ஜூலையில் கானிக்யூல் வந்தது. அதுதான் இங்கே அனல் அலைக்குப் பெயர். வாரக்கணக்கில் மழை இல்லை. நீல வாளிகள் அடி காய்ந்துவிட்டன. செடிக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்ற முடியாது, மனைவிக்கும் கொடுக்க முடியாது. குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. அவர் வேலைக்குப் போகாமல் ஜன்னல் பலகைகளைச் சாத்தி, ஈரத் துணியால் மனைவியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவார். “அண்ணை, இந்த வெய்யிலுக்கு எண்டாலும் இன்னும் கொஞ்சம் குடுக்கலாமோ எண்டு கேளுங்கோ.” நான் தாதியைக் கேட்டேன். வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஐஸ் கட்டி ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றாள்.

“வாய்க்குள்ள விட்ட தண்ணியைத் துப்பு எண்டு என்னெண்டு சொல்லுறது அண்ணை?”

“கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மழை வந்துடும்” என்று செடிக்குச் சொல்ல வேண்டியதை மனைவிக்குச் சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் மனசு கேட்காமல் போனேன். கதவு திறந்திருந்தது. சமையலறையில் அவர் நின்றிருந்தார், கையில் எவர்சில்வர் பேணி, விளிம்புவரை தண்ணீர். மனைவி நாற்காலியில். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த சுத்திகரிப்பு செவ்வாய்தான், நடுவில் இரண்டு நாள். கொடுக்காதீங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. திரும்பித் தோட்டத்தைப் பார்த்து நின்றேன். பச்சைக் காய்கள் செடியிலேயே சுருங்கி, மிளகு மாதிரிக் கறுத்துக் கிடந்தன. ஒன்றுகூடப் பழுக்கவில்லை. நான் மறுபடி திரும்பியபோது பேணி வெறுமையாகக் கழுவுதொட்டியில் இருந்தது. யார் குடித்தார், கீழே ஊற்றினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

திங்கள் விடிந்ததும் மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ். புதன்கிழமை அந்த அம்மா போய்விட்டார்.

மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து நெடுநேரம் பேசினார். இதயம் ஏற்கெனவே பலவீனம், இந்த வெப்பம், நுரையீரலில் நீர் கோத்தது, எது முதலில் எது பிறகு என்று பிரிக்க முடியாது, இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது என்றார். இவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தண்ணியாலயோ?”

“இல்லைங்க” என்றேன்.

“இவ்வளவு நேரம் கதைச்சவர். நீங்கள் ஒரு சொல்லில முடிச்சுப்போட்டீங்கள்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. முப்பது வருஷம் அரசாங்க வேலையில் ஒரு சொல்லைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று பெருமை அடித்துக்கொண்டவன் நான்.

அவர் வேலைக்குத் திரும்பினார். வாழைக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த மேசையில் இப்போது பலசரக்கு அட்டைப்பெட்டிகள். கூசா இல்லை. நான் நுழைந்ததும், “என்ன வேணும் அண்ணை?” என்றார். வெண்டைக்காய் கால் கிலோ என்றேன். வீதிக்காரர்கள் ‘தண்ணி அண்ணை’ என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை, தானாக நின்றுபோயிற்று.

அடுத்த ஜூனில் தொலைபேசி வந்தது. “காய்ச்சிருக்கு. வந்து பாருங்கோ.”

நல்ல வெயில். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போனதில் எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. அவர் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். சின்னச் செடி ஏனோதானோ என்று நின்றது. பெரிய செடி குலை குலையாகக் காய்த்திருந்தது, இலையெல்லாம் கரும்பச்சை. நீல வாளிகள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன.

“என்ன செஞ்சீங்க?”

“நான் இஞ்சாலை வாறதே இல்லை. ஒரு வருசமாக் கதவு பூட்டித்தான் கிடந்தது. மழை பெய்தது, காய்ச்சிருக்கு.” ஒரு கிண்ணத்தில் பிடுங்கி என் முன்னால் வைத்தார். “தின்னுங்கோ.”

தின்றேன். நல்ல இனிப்பு. அவர் ஒன்றும் எடுக்கவில்லை. வானிலையைப் பேசினோம், ரயில் தாமதத்தைப் பேசினோம். அவர் எதிரில் இவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. கேட்பாரா, கேட்பாரா என்று பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானே வாய்விட்டேன்.

“கொஞ்சம் தண்ணி குடுங்களேன்.”

அவர் எழுந்து உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. ஆள் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கழுவுதொட்டியின் விளிம்பில் பேணி நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் பக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“நீங்களே எடுத்துக் குடியுங்கோ, அண்ணை.”

எடுத்துக் குடித்தேன். கடைசி மிடறு இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேணியை வைத்த பிறகுதான் பேசினார்.

“தண்ணி உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?”

“இல்லைங்க” என்றேன்.